வாசகர் கேள்வி – பதில்: டப்பிங்கை நாமே கலப்பது

ட்ரவுட் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் பூச்சியைப் போலக் கட்டும் செயற்கை ஃப்ளைகளுக்கு வேண்டிய டப்பிங்கைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே கலந்துகொள்வது எப்படி என்று இம்மாதம் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம்: மெழுகு தடவிய நூலின்மேல் விலங்கின் ரோமத்தையோ செயற்கை இழையையோ மெல்லியதாக முறுக்கி ஏற்றி, அந்த நூலைத் தூண்டில் முள்ளின் தண்டில் வரிசையாகச் சுற்றினால் பூச்சியின் வயிற்றையும் மார்பையும் ஒத்த உடல் கிடைக்கும். அப்படி நூலில் ஏற்றும் இழைகளையே டப்பிங் என்கிறோம்.

கேள்வி: கடையில் நூறு நிறங்களில் டப்பிங் பொட்டலம் கிடைக்கும்போது, நாமே கலப்பதால் என்ன பயன்? தொடங்குவதற்கு எவையெல்லாம் வேண்டும்? – வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பணம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அதை நான் முதன்மைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். கடைப் பொட்டலம் எல்லா அளவு முள்ளுக்கும் எல்லா வகை ஃப்ளைக்கும் ஓரளவு பொருந்த வேண்டும் என்ற நோக்கத்தில் தயாரிக்கப்படுகிறது. 18ஆம் எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறிதாகும்) நீரின் மேற்பரப்பில் மிதக்கக் கட்டும் டிரை ஃப்ளைக்கு மென்மையான, குட்டையான, நூலோடு ஒட்டிக்கொள்ளும் இழை வேண்டும். 10ஆம் எண் முள்ளில் ஆற்றின் அடியில் உருண்டு செல்லக் கட்டும் நிம்ஃபுக்கு, அதாவது நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியைப் போன்ற ஃப்ளைக்கு, கால்களும் செவுள்களும் அசைவது போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முரட்டு ரோமம் வேண்டும். இவ்விரண்டு தேவைகளையும் ஒரே பொட்டலம் நிறைவு செய்யாது. நாமே கலக்கும்போது, ஃப்ளை தண்ணீரில் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற இழையைத் தேர்ந்து, நிறத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். அவர்களுடைய கலவைகள் பொட்டலத்தில் அழகாக இருந்து, நூலில் ஏற மறுப்பதற்கு அதுவே காரணம்.

விலங்குகளின் தோலைச் சற்று விலக்கிப் பார்த்தால் இரு வகை ரோமம் இருப்பது தெரியும். தோலை ஒட்டி நெருக்கமாகவும் மென்மையாகவும் சுருளோடும் வளர்வது அடிரோமம். அதைத் துளைத்துக்கொண்டு நீளமாகவும் விறைப்பாகவும் வெளியே நிற்பது மேல்ரோமம். அடிரோமம் நூலைப் பற்றிக்கொள்ளும், மற்ற இழைகளையும் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மேல்ரோமம் தானாக நூலில் நிற்காது. ஆனால் ஃப்ளைக்கு உயிரோட்டம் தருவது அதுதான். மூன்றாவதாக, ஆன்ட்ரான் போன்ற மின்னிழைகளைச் சேர்க்கிறோம். அவற்றின் குறுக்குவெட்டு மூன்று இதழ்களாக அமைந்திருப்பதால் ஒளியைப் பல பக்கமும் திருப்பி அனுப்பும். எந்தக் கலவையானாலும் பிடித்துக்கொள்ளும் இழை எது, அசையும் இழை எது, மின்னும் இழை எது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தொடங்குவதற்கு ஒரு முயல் முகத்தோலைப் பரிந்துரைக்கிறேன். ஐரோப்பியக் காட்டுமுயலின் காதுகளோடு கூடிய முகத்தோல் கடைகளில் தனியாகவே விற்கப்படுகிறது. கோல்ட் ரிப்டு ஹேர்ஸ் இயர் என்னும் புகழ்பெற்ற ஃப்ளைக்கு உடல் அமைவது இதிலிருந்துதான். காதில் இருப்பது மிகக் குட்டையான, விறைப்பான, கறுப்பும் பழுப்பும் கலந்த ரோமம். அதில் அடிரோமம் மிகக் குறைவு என்பதால், எவ்வளவு மெழுகு தடவினாலும் நூலிலிருந்து உதிரும். கன்னப் பகுதியில் நெருக்கமான அடிரோமமும் புள்ளியிட்டது போன்ற மேல்ரோமமும் சேர்ந்தே இருக்கின்றன. காதிலிருந்து ஒரு பங்கைக் கூர்மையான கத்தரிக்கோலால் தோலை ஒட்டி மழித்தெடுத்து, கன்னத்திலிருந்து இரண்டு பங்கைப் பிடுங்கி, விரல்களால் பிரித்துப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மீண்டும் பிரித்துக்கொண்டே இருந்தால், கருவி எதுவுமின்றி நல்ல டப்பிங் உருவாகும். நூலில் ஏற்றும்போது, எவ்வளவு வேண்டும் என்று தோன்றுகிறதோ அதில் பாதியை எடுங்கள். அளவுக்கு மீறி ஏற்றுவதே புதியவர்களின் ஃப்ளை தடித்துப் போவதற்குக் காரணம்.

கேள்வி: நான் அவலாஞ்சி, எமரால்டு பக்கங்களில் அனுமதி பெற்று ட்ரவுட் பிடிக்கிறேன். இங்கே முயல் முகத்தோல் கிடைப்பதில்லை. எங்கள் பகுதியில் காட்டுமுயல்கள் உண்டு. பழைய தோல் ஒன்றைத் தருவதாக ஒருவர் சொல்கிறார். பயன்படுத்தலாமா? – வாசகர், உதகமண்டலம்

வேண்டாம். நம் நாட்டுக் காட்டுமுயல் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதை வேட்டையாடுவது மட்டுமின்றி, அதன் தோலையோ ரோமத்தையோ கைமாற்றுவதும் உங்களைச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தும். தோல் பழையது என்பது பாதுகாப்பாகாது. நீர்நாய், மலை அணில் முதலியவற்றுக்கும் இதுவே பொருந்தும் என்பதை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். நீலகிரி ஓடைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றைய சென்னை அரசின் மீன்வள வல்லுநர் எச். சி. வில்சனின் முயற்சியால் ட்ரவுட் நிலைபெற்ற காலத்தில், இங்கே தூண்டில் போட்டவர்கள் தங்கள் பொருள்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக்கொண்டார்கள். இன்று உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

வளர்ப்பு முயலே உங்களுக்குப் போதுமானது. அதிலும் சோவியத் சின்சில்லா என்ற இனத்தைத் தேடிப் பாருங்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இந்த இனத்தை வளர்த்து வருவதால், அதைச் சுற்றியுள்ள மலைப்பகுதிப் பண்ணையாளர்கள் சிலரிடமும் இது உண்டு. இறைச்சிக்காக வளர்க்கப்படும் முயலின் தோல் பெரும்பாலும் வீணாகிறது, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இதன் ரோமத்தை ஊதிப் பிரித்துப் பார்த்தால் அடியில் கருநீலச் சாம்பல், நடுவில் வெளிறிய முத்து நிறம், நுனியில் கறுப்பு என்று ஒரே இழையில் பட்டை பட்டையாக நிறம் மாறுவதைக் காணலாம். காட்டுமுயலின் ரோமத்திலும் இதே பட்டை அமைப்பு இருப்பதால்தான் அதன் டப்பிங் அவ்வளவு உயிரோட்டமாகத் தெரிகிறது. சின்சில்லாவில் குறைவது பழுப்பு நிறம் மட்டுமே. அதைக் கடும் தேநீரில் ஊறவைத்துப் பெற்றுவிடலாம். காதின் விறைப்பான ரோமத்துக்கு மாற்றாக அதே முயலின் முகத்திலும் பாதங்களிலும் உள்ள குட்டை ரோமத்தை மழித்துச் சேருங்கள்.

பச்சைத் தோலை வாங்கினால் கொழுப்பை நன்றாகச் சுரண்டி எடுத்து, உப்பும் வெங்காரமும் தடவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய வைத்தால் தோல் விறைத்து ரோமம் மங்கிவிடும். நீலகிரி செம்மறியின் கம்பளியும் மென்மையான வகைதான். கத்தரிக்கும் பருவத்தில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அடிரோமத்துக்குப் பதிலாகப் பல ஆண்டு உதவும். கழுவும்போது மட்டும் கொதிநீரில் போட்டுப் பிசையக் கூடாது. கம்பளி கெட்டித்துப் போகும்.

கேள்வி: பாசம் (possum) என்ற விலங்கின் ரோமத்தையும் மின்னிழையையும் மிக்ஸியின் சட்னி ஜாரில் போட்டு ஓட்டினேன். இழைகள் கத்தியின் அச்சில் சுற்றிக்கொண்டன. மீதி உருண்டை உருண்டையாக ஆகிவிட்டது. என்ன தவறு? – வாசகர், ஆக்லாந்து, நியூசிலாந்து

தவறு பெரும்பாலும் இழையின் நீளத்தில் இருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு உங்கள் நாட்டில் காடுகளை அழிக்கும் விலங்காக மாறிவிட்ட தூரிகைவால் பாசத்தின் ரோமம் டப்பிங்குக்கு அருமையானது. மெல்லியது, எடை குறைந்தது, நூலில் எளிதாக ஏறும். ஆனால் அதன் மேல்ரோமம் நீளமானது. மின்னிழையோ கட்டாகச் சுற்றி வருவதால் எவ்வளவு நீளத்துக்கு வேண்டுமானாலும் இருக்கும். சுழலும் கத்தி இழைகளை வெட்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் காற்றில் மிதக்கும் இலகுவான இழையைக் கத்தி வெட்டுவதில்லை, அடித்துத் தள்ளுகிறது. 2 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள இழை அப்படித் தள்ளப்படும்போது அச்சைச் சுற்றிக்கொள்கிறது. எனவே ஜாரில் போடுவதற்கு முன்பே கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நறுக்கிவிடுங்கள். பெரிய நிம்ஃபுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வரை விடலாம்.

அடுத்தது அளவு. ஜாரின் அடியைத் தளர்வாக மூடும் அளவுக்கு மட்டுமே இழை இருக்க வேண்டும். திணித்தால் அடியில் உள்ளது சுழன்றுகொண்டேயிருக்கும், மேலே உள்ளது அசையாது. மிக்ஸியின் திருகைத் தொடர்ந்து ஓடும் வேகத்தில் வைக்கவே கூடாது. இடப்பக்கம் திருப்பிப் பிடித்து உடனே விட்டுவிடும் பல்ஸ் நிலையில், ஒரு நொடிக்கும் குறைவாக, சில தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் ஜாரைத் தட்டி, மூடியைத் திறந்து, இழைகளைக் கையால் உதிர்த்துவிடுங்கள். உருண்டை விழுவது அதிக நேரம் ஓட்டியதன் அடையாளம். காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரம் இருந்தால் அது மிக்ஸியைவிட ஏற்றது; அதன் கிண்ணம் சிறியது. எதுவானாலும் டப்பிங்குக்கு என்று ஒரு ஜாரை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். பதனிட்ட தோலிலும் சாயத்திலும் உள்ள வேதிப்பொருள்கள் சட்னியில் சேரக் கூடாதவை.

வறண்ட காற்றில், குறிப்பாகக் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும்போது, செயற்கை இழைகளில் நிலைமின்சாரம் ஏறி அவை ஜாரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தெளிப்பான் புட்டியில் தண்ணீரோடு துணி மென்மையாக்கும் திரவத்தைச் சில துளி கலந்து, ஓட்டுவதற்கு முன் ஒரே ஒரு முறை தெளித்தால் போதும்.

ஓசையும் தொல்லையும் வேண்டாம் என்றால் ஈர முறையைக் கையாளுங்கள். நான் கம்பளியும் முயலும் கலக்கும்போது இதையே விரும்புகிறேன். அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியில் வெதுவெதுப்பான நீரை முக்கால் பங்கு ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்டு, நறுக்கிய இழைகளைப் போட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். இழைகள் நீரில் விலகி மிதந்து தாமாகவே ஒன்றோடொன்று கலக்கும். பிறகு சல்லடையில் வடித்து, குழாய்நீரில் அலசி, பிழிந்து, பழைய செய்தித்தாளின்மேல் பரப்பி உலரவிட்டு, உலர்ந்தபின் விரலால் உதிர்த்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் அடிரோமம் சற்றே பின்னிக்கொள்வதால் நூலில் இன்னும் எளிதாக ஏறும். டிரை ஃப்ளைக்கான கலவைக்கு மட்டும் இதைத் தவிர்க்கலாம். ரோமத்தின் இயற்கை எண்ணெயைச் சோப்பு எடுத்துவிடும்.

கேள்வி: மூன்று நான்கு நிறம் கலந்தால் என்னுடையது எப்போதும் சேற்று நிறமாகிவிடுகிறது. சரியாக வந்தது என்று நினைத்தாலும் தண்ணீரில் நனைந்ததும் வேறு நிறமாகத் தெரிகிறது. நிறத்தை எப்படித் தீர்மானிப்பது? – வாசகர், லீட்ஸ், இங்கிலாந்து

இந்தக் கேள்விக்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். டப்பிங் கலப்பதில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுவே.

டப்பிங்கில் நிறம் கலப்பது வண்ணக்குழம்பைக் கலப்பது போன்றதன்று. குழம்பில் மஞ்சளும் நீலமும் ஒன்றில் ஒன்று கரைந்து பச்சையாகிவிடும். டப்பிங்கிலோ ஒவ்வொரு இழையும் தன் நிறத்தைக் காத்துக்கொண்டே பக்கத்து இழையோடு நிற்கிறது. கலப்பு நிகழ்வது பார்ப்பவரின் கண்ணில். அந்தக் கலப்பு முழுமையடையாமல் இருக்கும்போதுதான் உடல் உயிருள்ளதாகத் தோன்றும். பூச்சியின் வயிற்றை உருப்பெருக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே நிறமாக இருப்பதில்லை. கண்டத்துக்குக் கண்டம் நிறம் மாறும், ஓரங்களில் ஒளி ஊடுருவும். ஆகவே நன்றாகக் கலந்துவிட்டது என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். கையில் வைத்துப் பார்த்தால் தனித்தனி நிறங்கள் தெரிய வேண்டும். கை நீட்டிய தொலைவில் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். ஜாரில் அதிகம் ஓட்டுவதால் சேற்று நிறம் வருவதே பெரும்பான்மை.

இன்னொரு காரணம் கறுப்பு. நிறத்தை அடர்த்தியாக்கக் கறுப்பைச் சேர்த்தால் கலவை செத்துவிடும். அடர் பழுப்பையோ அடர் ஆலிவையோ ஊதாவையோ சேர்த்துப் பாருங்கள். அடர்த்தியும் வரும், வெளிச்சமும் போகாது. ஆலிவ் நிறம் கண்ணைக் கூசும் பச்சையாக இருந்தால், அதைத் தணிக்கத் துருச்சிவப்பில் ஒரு கிள்ளு போதும். நான்கு நிறத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நிறம் பாதிக்கு மேல் இருக்கட்டும். மற்றவை அதற்குத் துணையாக இருக்கட்டும்.

இந்தக் கலையை முன்னோர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு உங்கள் நாட்டிலேயே சான்று உண்டு. டெவன் மாவட்டத்து டிவர்ட்டனைச் சேர்ந்த ஆர். எஸ். ஆஸ்டின் 1900ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய டப்ஸ் இன்டிஸ்பென்சபிள் என்ற ஃப்ளையின் புகழ் முழுவதும் அதன் டப்பிங்கில்தான் இருந்தது. செம்மறிக் கிடாயின் விரைப்பகுதியில் வளரும் கம்பளி, பாலேட்டு நிற சீல் (கடல்நாய்) ரோமம், எலுமிச்சை நிற ஸ்பானியல் நாயின் ரோமம் ஆகியவற்றை அவர் சேர்த்தார். சிவப்பில் ஒரு சாயலும் அதில் உண்டு. தனியே பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த இழைகள் நனைந்ததும், இளஞ்சிவப்பும் பாலேடுமாக ஒளி கசியும் ஓர் உடலாகின்றன. அந்தக் கலவையின் செய்முறை இரகசியமாகவே காக்கப்பட்டது. ஆஸ்டினுக்குப் பின் அவருடைய மகள் கட்டி விற்றுவந்து, தொழிலை விட்டபின், 1934இல்தான் அது வெளியானது.

இனி நனையும்போது நிறம் மாறுவது பற்றி. உலர்ந்த ரோமத்தில் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி அங்கே சிதறித் திரும்புவதால் நிறம் வெளிறித் தெரிகிறது. அந்த இடத்தை நீர் நிரப்பியதும் சிதறல் குறைந்து நிறம் அடர்ந்துவிடும். ஆகவே உலர்ந்த டப்பிங்கை வைத்து நிறத்தைத் தீர்மானிக்கவே கூடாது. ஒரு கிள்ளு எடுத்து நனைத்துப் பிழிந்து, நீங்கள் ஒத்துப்பார்க்க விரும்பும் பூச்சியின் அருகே வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பொதுவாக உலர்ந்த நிலையில் நீங்கள் விரும்பும் நிறத்தைவிட ஒரு படி வெளிறியதாகக் கலந்தால் சரியாக வரும். மேசை விளக்கின் மஞ்சள் ஒளியில் கலந்தால், ஆற்றங்கரையில் பச்சை எதிர்பார்த்ததைவிடத் தூக்கலாகத் தெரியக்கூடும்.

நூலின் நிறத்தையும் கலவையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். உங்கள் யார்க்‌ஷயர் ஆறுகளின் பழைய வாட்டர்ஹென் ப்ளோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பட்டுநூலின்மேல் அகழெலியின் சாம்பல் ரோமத்தைத் தூசி படிந்தது போல அவ்வளவு மெல்லியதாக ஏற்றுவார்கள். உலர்ந்திருக்கும்போது வெறும் சாம்பலாகத் தெரியும் அந்த உடல், நனைந்ததும் மெழுகேறிய மஞ்சள் நூல் உள்ளிருந்து தெரிய, ஆலிவ் நிறம் கொள்ளும். அதே டப்பிங்கைக் கறுப்பு நூலில் ஏற்றினால் அந்த ஃப்ளையே வேறு. உங்கள் கலவை நீரில் மாறிவிடுவதற்கு நீங்கள் பயன்படுத்தும் நூலே காரணமாக இருக்கலாம். வெளிறிய கலவைகளுக்கு வெள்ளை, மஞ்சள், இளம் பழுப்பு நூல்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஃப்ளை செய்முறைகளில் சீல் ரோமம் என்று இருக்கிறது. இப்போது அதற்கு மாற்று எது? – வாசகர், கிளாஸ்கோ

சீல் ரோமத்தின் வணிகத்தை அமெரிக்கா 1972ஆம் ஆண்டின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தாலும், ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்த விதிகளாலும் கட்டுப்படுத்தின. அந்த ரோமத்தின் சிறப்பு அதன் ஊடுருவும் ஒளியிலும் முரட்டுத்தனத்திலும் இருந்தது. நூலில் ஏற்றத்தான் பெரும்பாடு. அங்கோரா ஆட்டின் ரோமம், அதாவது மோஹேர், அதற்கு மிக அருகில் வருகிறது. குட்டி ஆட்டினுடையது மெல்லியது. வளர்ந்த ஆட்டினுடையதே சீலின் விறைப்பைத் தரும். மோஹேர் நான்கு பங்கோடு மின்னிழை ஒரு பங்கைச் சேர்த்தால், ஏரியில் நனையும்போது பழைய பளபளப்பு கிடைத்துவிடும்.

இவை நீளமான இழைகள் என்பதால் மிக்ஸிக்கு ஏற்றவை அல்ல. நாய்க்கு ரோமம் வாரும் வளைந்த கம்பிப் பற்களுள்ள சீப்புகள் இரண்டை வாங்குங்கள். ஒன்றின்மேல் இழைகளை நிற நிறமாக மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, மற்றதால் எதிர்த்திசையில் மெதுவாக வாருங்கள். இழைகள் இங்கிருந்து அங்கே மாறும். கம்பியிலிருந்து உரித்தெடுத்து மீண்டும் பரப்பி வாருங்கள். இந்த முறையில் இழைகள் ஒடிவதில்லை, ஓரளவு ஒரே திசையில் படுத்துக்கொள்கின்றன. நூலை இரண்டாக மடித்து வளையமாக்கி, அதன் நடுவே இழைகளைக் குறுக்காக வைத்து முறுக்குவதற்கு அப்படிப் படுத்த இழையே வேண்டும். பிபியோ போன்ற ஏரி ஃப்ளைகளில் கறுப்புக்கு நடுவே சிவந்த பட்டை வரும் உடலை இவ்வாறு கட்டி, முடிவில் கம்பித் தூரிகையால் வெளியே இழுத்துவிட்டால், அதன் விளிம்பில் ஒளி கசியும்.

கேள்வி: டிரை ஃப்ளைக்கு எந்த ரோமம் நன்றாக மிதக்கும்? நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் ஆறுகளில் ஹென்ட்ரிக்சன் என்ற மேஃப்ளைப் பூச்சி எழும்பும் பருவத்துக்குக் கட்ட விரும்புகிறேன். – வாசகர், நியூ ஜெர்சி

நீரில் வாழும் விலங்குகளின் அடிரோமம்தான். பீவர், மஸ்க்ராட் ஆகியவற்றின் அடிரோமம் மிக நெருக்கமானது. அதன் நுண்ணிய இழைகளுக்கு நடுவே சிறைப்படும் காற்றே மிதக்கவைக்கிறது. மிச்சிகனில் 1922இல் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் ஃப்ளையை இன்று பெரும்பாலோர் மஸ்க்ராட்டின் சாம்பல் அடிரோமத்தால் கட்டுவதற்கு இதுவே காரணம். இத்தகைய கலவையில் மேல்ரோமம் ஒன்றுகூட இருக்கக் கூடாது; அது நீரை உள்ளே இழுக்கும். ரோமக் கற்றையை அடியில் பிடித்துக்கொண்டு, நீண்ட மேல்ரோமத்தை நுனியைப் பற்றி உருவி எடுத்துவிடுங்கள். செயற்கை இழை சேர்ப்பதானால் பாலிபுரொப்பிலீன் மட்டும் சேருங்கள். அது நீரைவிட இலகுவானது. நைலானும் பாலியெஸ்டரும் நீரைவிடக் கனமானவை. ஆனால் பாலிபுரொப்பிலீனில் வீட்டுச் சாயம் ஏறாது, வேண்டிய நிறத்திலேயே வாங்க வேண்டும்.

ஹென்ட்ரிக்சனுக்கு வருவோம். ராய் ஸ்டீன்ராட் 1916இல் பீவர்கில் ஆற்றுக்காக இந்தப் பெயரிலான ஃப்ளையைக் கட்டியபோது, சிவப்பு நரியின் வயிற்றுப்பக்கத்து வெளிர்பழுப்பு ரோமத்தைப் பயன்படுத்தினார். அந்தப் பருவத்தில் எழும்பும் மேஃப்ளையின் பெண்பூச்சிக்கு மெல்லிய இளஞ்சிவப்புச் சாயல் உண்டு. அதைப் பெற, பெண் நரியின் வயிற்றில் சிறுநீர்க் கறை படிந்து சிவந்த பகுதியைத் தேடிப்பிடித்துக் கேட்ஸ்கில் ஃப்ளை கட்டுநரான ஆர்ட் ஃப்ளிக் பயன்படுத்தினார். அப்படிப்பட்ட தோலுக்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. பாலேட்டு நிறப் பீவர் அடிரோமம் ஆறு பங்கு, வெளிர்பழுப்பு மூன்று பங்கு, மங்கிய இளஞ்சிவப்பு ஒரு பங்கு என்று தொடங்கி, நனைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பு தனியாகக் கண்ணில் பட்டால் அது அதிகம்.

கேள்வி: முயல் ரோமத்துக்கு வீட்டில் சாயம் ஏற்றலாமா? மஞ்சள்தூள் பயன்படுமா? – வாசகர், நுவரெலியா

ஏற்றலாம். கம்பளி, முயல், மோஹேர், நைலான் ஆகிய நான்கும் அமிலச் சாயத்தை ஏற்பவை. வினிகர் சேர்த்த நீரில், கொதிக்கவிடாமல், ஆவி பறக்கும் சூட்டில் வைத்தால் நிறம் நிலைத்துவிடும். ரோமத்தைத் தோலிலிருந்து வெட்டி எடுத்து, பழைய மெல்லிய காலுறைக்குள் போட்டுக் கட்டி நீரில் இறக்குங்கள். அந்தச் சூட்டில் தோல் சுருங்கிவிடும். முதலில் ரோமத்தின் எண்ணெய்ப்பசையைச் சோப்பு நீரில் போக்காவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். சாயப்பாத்திரத்தில் கிளறாதீர்கள், சூட்டிலிருந்து எடுத்ததும் குளிர்நீரில் போடாதீர்கள். இரண்டாலும் இழை பின்னிக் கெட்டிப்படும்.

மஞ்சள்தூள் அழகான நிறம் தரும், ஆனால் வெயிலில் நிற்காது. வெங்காயத் தோல் அதைவிட உறுதியான பொன்பழுப்பைத் தரும். உங்கள் ஊரில் தேயிலைக்குப் பஞ்சமில்லை; நிம்ஃபுக்கான பழுப்பு அனைத்தையும் அதிலிருந்தே பெற்றுவிடலாம். பழைய ஆங்கிலக் குறிப்புகளில் மஞ்சளுக்குப் பிக்ரிக் அமிலம் சொல்லப்பட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். உலர்ந்தால் வெடிக்கும் பொருள் அது.

கேள்வி: ஒரு தடவை நன்றாக வந்த கலவையை மறுபடியும் அதே மாதிரி கொண்டுவர முடியவில்லை. சேமித்து வைத்ததைப் பூச்சியும் அரித்துவிட்டது. – வாசகர், ஸ்கார்பரோ

இரண்டும் கவனக்குறைவால் அல்ல, முறை இல்லாததால் வருபவை. கிள்ளு, கைப்பிடி என்று அளந்தால் கலவை ஒவ்வொரு தடவையும் மாறும். உப்பிய அடிரோமமும் அழுந்திய மின்னிழையும் ஒரே கிள்ளில் வேறு வேறு எடை. நகைக்கடையில் பயன்படுத்தும், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசை வாங்கி எடையில் அளந்து எழுதுங்கள். நிம்ஃபுக்கு நான் பரிந்துரைக்கும் பொதுவான கலவையை அந்த முறையில் சொன்னால், முயல் அடிரோமம் 0.60 கிராம், குட்டை மேல்ரோமம் 0.30 கிராம், நறுக்கிய மின்னிழை 0.10 கிராம். ஒரு கிராம் சிறிது என்று தோன்றும். பல ஃப்ளைகளுக்கு அது வரும். அட்டை ஒன்றில் எடைகளையும் இழை வாங்கிய இடத்தையும் எழுதி, உலர்ந்த மாதிரியையும் நூலில் முறுக்கிய மாதிரியையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். முயல் தோலுக்குத் தோல் நிறம் மாறும் என்பதால், மனத்துக்குப் பிடித்த கலவையைத் தேவைக்கு மேல் ஒரே தடவையில் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

அரிக்கும் பூச்சிகள் துணி அந்தின் புழுவும் கம்பள வண்டின் புழுவும். புதிதாக வரும் தோல், இறகு, ரோமம் எதுவாயினும், மற்றவற்றோடு சேர்க்குமுன் காற்றுப்புகாத பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஓரிரு நாள் அறைச்சூட்டில் விட்டு, மறுபடியும் ஒரு வாரம் வையுங்கள். முதல் குளிரில் தப்பிய முட்டைகள் பொரித்தால் இரண்டாவதில் அழியும். அரிக்கப்பட்ட பழைய கலவைகளில் மணல் போன்ற துகளோ பட்டுக்கூட்டின் மிச்சமோ கண்ணில் பட்டால் அவற்றைக் காப்பாற்ற முயலாமல் எறிந்துவிட்டு, அவை இருந்த பெட்டியையும் மேசையின் இடுக்குகளையும் உறிஞ்சு கருவியால் துப்புரவாக்கிய பிறகே புதியவற்றை உள்ளே வையுங்கள்.